ஒட்டுப் போட்ட குழாய்

வைனர் பெத்ரோனி ஒருநாள் தன் பட்டறை வாசலில் வந்து நிற்பான் என்று அஃப்ரா மொந்தோர்ஸி கனவிலும் நினைத்ததில்லை என்று சொன்னால் அது பொய். கனவில் அவன் பலமுறை வந்திருக்கிறான். ஒரு கனவில் அவனுடைய கார் நடுரோட்டில் புகைந்துகொண்டிருக்கும். அவள் கையில் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். இன்னொன்றில் அவன் மண்டியிட்டு அழுவான். நிஜத்தில் அவன் அழவுமில்லை, மண்டியிடவுமில்லை. ஒரு அட்டைப் பெட்டி நிறைய செர்ரிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சிரித்த முகமாக வந்தான்.

“என்ன அஃப்ரா, சௌக்கியமா?”

“இவ்வளவு நேரம் சௌக்கியமாத்தான் இருந்தேன், முதலாளி.”

“இன்னும் என்ன முதலாளி? இப்ப நீதான் முதலாளி.” அவன் கண் பட்டறையை ஒரு சுற்று சுற்றி வந்தது. உழவு டிராக்டர்கள், ஒரு பழைய ஸ்கூட்டர், சக்கரம் கழன்ற பால் வண்டி. “தொழில் நல்லாப் போவுது போல.”

“டிராக்டர்காரங்க பொய் சொல்றதில்ல. அதனால போவுது.”

அவன் அதைக் காதில் வாங்காதவன் போலப் பெட்டியை மேசைமேல் வைத்தான். அவனுக்குப் பின்னால், மரநிழலில், சாம்பல் நிறத்தில் அந்தக் கார் நின்றது.

பிரந்தோலி என்று ஒரு சின்னக் கம்பெனி இத்தாலியின் மோதெனா நகரில் கொஞ்ச காலம் ஸ்போர்ட்ஸ் கார் செய்து, பிறகு மூடிக்கொண்டு போனது. அந்த வண்டிகளில் இரண்டை வைனர் வாங்கி, நட்டு போல்ட்டாகக் கழற்றிப் போட்டு, புதிதாக்கினான். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். அஃப்ரா அப்போது அவனிடம் வேலை பார்த்தாள். கார்புரேட்டர்கள் அவள் பொறுப்பு. சிவப்பு வண்டியை மலையில் ஓட்டிப் பார்க்கப் போனவன் அவளுடைய தம்பி லோரிஸ். செஸ்தோலா போகும் மலைப்பாதை வளைவுகளில் வண்டி தீப்பிடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தவனுக்கு உயிர் மிஞ்சியது. இரண்டு கைகளும் இடது காலும் வெந்துபோயின.

விசாரிக்க வந்தவர்களிடம் வைனர் மிகுந்த வருத்தத்தோடு பேசினான். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் கிளிப்பை அஃப்ரா முறுக்காமல் விட்டுவிட்டாள், நல்ல பொண்ணுதான், அன்றைக்கு அவள் மனசு வேலையில் இல்லை என்றான். எரிந்து கரியான வண்டியில் கிளிப் ஏது, குழாய் ஏது? அவள் முறுக்கியிருந்தாள். முறுக்கிய பிறகு விரலால் அசைத்துப் பார்த்ததுகூட நினைவிருந்தது. அவர்களுடைய ஊரான விஞோலாவில் ஒருவரும் அவளை நம்பவில்லை. ஊர் போகட்டும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கைகளோடு கிடந்த லோரிஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு “போ” என்றான். அதற்குப் பிறகு அவர்களுடைய அம்மாவின் சவ ஊர்வலத்தில்கூட அவன் அவள் பக்கம் வந்து நிற்கவில்லை.

ஏழெட்டு வருடம் ஆயிற்று. இப்போது அந்த வைனர் செர்ரிப் பழத்தோடு நிற்கிறான்.

“பெட்ரோல் ஒழுகுது,” என்றான். “ஞாயித்துக்கிழமை சதுக்கத்துல பழைய கார்களோட கூட்டம். சுவிட்சர்லாந்துலேருந்து ஒருத்தர் இதை வாங்கறதுக்குன்னே வர்றார். மோதெனாவுல மூணு பட்டறை ஏறி இறங்கிட்டேன். கார்புரேட்டரைப் பிரிச்சாங்க, ரப்பர் குழாயெல்லாம் மாத்தினாங்க, வாஷரு, கிளிப்பு, எல்லாம் புதுசு. பட்டறையில நிக்கும்போது ஒரு சொட்டு கிடையாது. மலைக்குப் போயி எறங்கினா மூக்கைத் துளைக்குது.”

“அங்கெல்லாம் முடியலன்னதும் என் ஞாபகம் வந்துச்சாக்கும்.”

“உன் கை மாதிரி வராது அஃப்ரா. அதை நான் எப்பவும் சொல்லுவேன்.”

‘எப்பவும் சொன்னியா? எவன்கிட்ட?’ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவனை விரட்டுவது ஒரு நிமிட சுகம். உள்ளே விட்டால் என்ன கிடைக்கும் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. ஆனால் விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“பாத்துத் தரேன். ஒரு கண்டிஷன். கார் இங்க இருக்கிற வரைக்கும் நீங்களும் இங்கதான் இருக்கணும். பக்கத்துல நின்னு நான் செய்யறதைக் கண்ணால பாக்கணும். அப்புறம் எதையோ முறுக்காம விட்டுட்டாள்னு ஊர்ல யாரும் பேசக் கூடாது பாருங்க.”

வைனரின் சிரிப்பு ஒரு கணம் நழுவி மறுபடி ஒட்டிக்கொண்டது. “சரி” என்றான்.

அவனுக்கு அவள் எடுத்துக் கொடுத்தது பட்டறையிலேயே அழுக்கான மேலங்கி. வெள்ளைச் சட்டைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டான். வண்டியை நான்கு முட்டுகளின் மேல் ஏற்றிவிட்டு, “அடிப்பக்கம் பூரா கழுவுங்க,” என்றாள். அறுபது வயதுக்காரன் சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்து, தூரிகையும் மண்ணெண்ணெயுமாகத் தேய்த்தான். கரி நீர் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது. வாசலைக் கடந்துபோன டிராக்டர்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “யாரு அது, புது ஆளா?” என்று கேட்டார்.

“பழைய ஆளு. இப்பத்தான் வேலை கத்துக்கறார்,” என்றாள் அஃப்ரா.

அடிப்பக்கம் காய்ந்ததும், குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, பவுடரைத் துணியில் மூட்டை கட்டி, முன்னால் இருந்து பின்னால்வரை தட்டித் தட்டிப் பூசினாள். பெட்ரோல் பட்ட இடத்தில் பவுடர் கறுத்துப்போகும். ஒழுகி ஓடிய வழியும் காட்டிக்கொடுக்கும். இன்ஜினை வெகுநேரம் ஓடவிட்டாள். மாவு பூசிய பணியாரத்தட்டு போல அடிப்பக்கம் வெளேரென்றே இருந்தது.

“சொன்னேன்ல. நிக்கும்போது ஒழுகாது,” என்றான் வைனர்.

“அப்ப நிக்க வச்சுப் பாத்தவங்க எல்லாம் முட்டாளுங்க. வண்டியை எறக்குங்க. மலைக்குப் போவோம்.”

அவனையே ஓட்டச் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீயணைப்பு உருளையை மடியில் வைத்துக்கொண்டாள். ஸோக்கா என்ற மலையூருக்குப் போகும் பாதையில் வண்டி ஏறியது. கஷ்கொட்டை மரங்களின் நிழல் கண்ணாடியில் ஓடியது. வலப்பக்க வளைவுகளில் வண்டியின் உடம்பு முறுகுவதை இருக்கைக்கு அடியில் உணர முடிந்தது. அவள் மூக்கு மட்டும் வேலை செய்தது. மேலே ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது, இரண்டாவது வளைவில் அவன் பிரேக்கை மிதித்ததும், முதல் வாடை வந்தது. முன்பக்கத்திலிருந்து அல்ல. காலுக்குக் கீழே இருந்து.

லோரிஸும் அதைத்தான் சொன்னான். ஆஸ்பத்திரியில், மயக்க மருந்தின் குழறலில், “கீழேருந்து வந்துச்சு, கால்லேருந்து வந்துச்சு” என்றான். இன்ஜின் பக்கத்திலிருந்து தீ காற்றில் பின்னால் வந்திருக்கும், அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று வைனர் அவனுக்கு விளக்கிச் சொன்னான். தம்பியும் தலையாட்டினான்.

“என்ன பேசவே மாட்டேங்கற?” என்றான் வைனர்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

பட்டறைக்குத் திரும்பி, வண்டியை மறுபடி தூக்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்தாள். முன்பக்கம், கார்புரேட்டர்களுக்குக் கீழே, எல்லோரும் பார்த்த அந்த ஈரம் இருந்தது. ஆனால் பவுடரில் ஓடிய கறுப்புக் கோடு மேலே கார்புரேட்டருக்குப் போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி, இடது அடிச்சட்டத்தில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஒரு சின்னத் துளையில் போய் முடிந்தது. சதுரக் குழல் போன்ற அந்தச் சட்டத்துக்குள்தான் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து முன்னால் வரும் செம்புக் குழாய் ஓடுகிறது. ஒழுக்கு சட்டத்துக்கு உள்ளே. வண்டி முறுகும்போது விரிசல் வாய் திறக்கிறது, நேராக நின்றால் மூடிக்கொள்கிறது. ஒழுகியது உள்ளேயே தங்கி, இறக்கத்தில் பிரேக் போட்டதும் முன்னால் ஓடி வந்து வெளியே சொட்டுகிறது. முன்னால் சொட்டுவதைப் பார்த்து எல்லோரும் முன்னாலேயே தேடியிருக்கிறார்கள்.

“சட்டத்துக்குள்ள இருக்கிற குழாய்,” என்று அடியிலிருந்தே சொன்னாள்.

தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். வைனரின் முகத்தில் ரத்தம் இல்லை.

“அப்படின்னா ஒண்ணு செய்,” என்றான். “அந்தக் குழாய் உள்ளயே கிடக்கட்டும். ரெண்டு முனையையும் வெட்டிவிட்டு, வெளிப்பக்கமா புதுசா ஒண்ணு ஓட்டிடு. சீக்கிரம் முடிஞ்சுடும்.”

“உருவி எடுக்கறது எவ்வளவு நேரம்? ஒரே நீளக் குழாய்தானே. இழுத்தா வந்துடும்.”

“வராது.”

“எப்படித் தெரியும்?”

“வராது, அவ்வளவுதான். நடுவுல சிக்கும்.”

அஃப்ரா எழுந்து நின்றாள். கையைத் துணியில் மெதுவாகத் துடைத்தாள். “முழுக் குழாய் நடுவுல ஏன் சிக்கணும்?”

அவன் வாசலைப் பார்த்தான். “மிர்க்கா கடையில ஒரு காபி குடிச்சுட்டு வரேன்,” என்றான். இங்கேயே இருக்க வேண்டும் என்று சொன்னவள் இப்போது தடுக்கவில்லை.

அவன் போனதும் பேட்டரியைக் கழற்றினாள், டேங்கை வடித்தாள், இரண்டு முனைகளையும் விடுவித்து இழுத்தாள். பாதி தூரம் வந்து குழாய் நின்றது. அவன் சொன்னபடியே நடுவில் சிக்கியது. முன்னும் பின்னும் அசைத்து, எண்ணெய் விட்டு, முழங்காலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, தோள் கழன்றுவிடும் போல இழுத்தாள். ஒரு கிறீச்சோடு வெளியே வந்தது. இரண்டு துண்டுக் குழாய்கள். நடுவில் ஒரு பித்தளை உறை. இரண்டு பக்கமும் வெறும் ஈயப் பற்று. மேலே கறுப்பு நாடா, தாராளமாகச் சுற்றி. நாடாவை உரித்தாள். ஈயத்தைச் சுற்றி மயிரிழையாக ஒரு விரிசல்; குழாயை வளைத்தபோது அது உதடு போலத் திறந்தது.

இரண்டு வண்டியையும் புதிதாக்கிய நாட்களில் வைனரின் பட்டறையில் முழு நீளக் குழாய் ஒன்றுகூட இல்லாமல் போனது அவளுக்கு நினைவு வந்தது. புதிது வரும்வரை பொறுக்கலாம் என்றாள். வைனருக்குப் பொறுமை இல்லை. மறுநாள் காலை அவள் வந்தபோது இரண்டு வண்டிகளிலும் குழாய் ஓடிவிட்டிருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று அவளும் கேட்கவில்லை. கிடந்த துண்டுக் குழாய்களை வெட்டி, ஒட்டி, இரண்டு வண்டிக்கும் பங்கு போட்டிருக்கிறான். சிவப்பு வண்டியில் ஒட்டு முதல் மலையிலேயே விட்டுப்போயிற்று. இது தாக்குப்பிடித்திருக்கிறது. தீ எங்கே பிடித்தது என்று அன்றைக்கே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் பழியை அவளுடைய கிளிப்பின்மேல் போட்டான்.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.

பிறகு எழுந்து, புதுக்குழாயை ஒரே நீளமாக அளந்து வெட்டினாள். முனைகளை விரித்தாள், சட்டத்துக்குள் உருவிவிட்டாள், உரசும் இடங்களில் ரப்பர் வளையம் போட்டாள். பின்முனையை முறுக்கினாள். முன்முனையில் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைச் செருகி, கிளிப்பைப் போட்டாள்.

அங்கே கை நின்றது.

கிளிப் விரலால் திருகிய அளவில் இருந்தது. திருப்புளி கையில் இருந்தது. இப்படியே விட்டால் போதும். சதுக்கத்தில் ஒன்றும் ஆகாது. மலையில் ஆகும். அவன் இறங்கும்போது, வெள்ளைச் சட்டையோடு. லோரிஸின் விரல்கள் ஒட்டிப்போனபோது எப்படி இருந்தது என்று அவனும் தெரிந்துகொள்வான். யார் கேட்பார்கள்? எரிந்த வண்டியில் கிளிப் ஏது?

அந்த நினைப்பு எத்தனை இனிப்பாக இருந்தது என்பதுதான் அவளை உலுக்கியது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. கிளிப்பை முறுக்காமல் விட்டவள் என்றுதானே அவன் ஊருக்குச் சொன்னான். இப்போது விட்டால், இத்தனை வருடமாகப் பொய்யாக இருந்தது இந்த நிமிடம் முதல் நிஜமாகிவிடும். அவன் வாய்க்கு அவளே சாட்சி சொன்னதாகிவிடும். ‘செத்தாலும் உனக்கு அந்த சந்தோஷத்தைத் தர மாட்டேன்டா’ என்று சொல்லிக்கொண்டே கிளிப்பை முறுக்கினாள். விரலால் அசைத்துப் பார்த்தாள். பேட்டரியை மாட்டி, அடிப்பக்கத்தில் புதிதாகப் பவுடர் தட்டி, டேங்கில் பெட்ரோலை ஊற்றி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வண்டியின் உடம்பை முறுக்கி வைத்து, பம்பை ஓடவிட்டாள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

அதன் பிறகுதான் டெலிபோனை எடுத்தாள். லோரிஸ் ஒயின் கூட்டுறவு ஆலையில் கணக்கு அறையில் இருந்தான்.

“வச்சுடாத,” என்றாள். “பேசறதுக்குக் கூப்பிடல. ஒண்ணு காட்டணும். அரை மணி நேரத்துல வா. வரலன்னா இனிமே ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டேன்.”

வந்தான். வாசலிலேயே நின்றான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையுறை போட்டிருந்தான், அந்த ஜூன் வெயிலிலும். அவள் குழாயை மேசைமேல் வைத்தாள், எங்கிருந்து எடுத்தது என்று சொன்னாள், விரிசலை வளைத்துக் காட்டினாள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டு, மரத்துப்போன விரல்களால் அந்த ஈயத்தைத் தடவினான்.

“இதே மாதிரி சிவப்புலயும்…”

“இருந்துச்சு.”

“கீழேருந்துதான் வந்துச்சு. நான் சொன்னேன்.”

“சொன்ன. அப்புறம் அவன் சொன்னதை நம்பின.”

லோரிஸ் வாய் திறக்குமுன் வாசலில் நிழல் விழுந்தது. வைனர். மேசைமேல் இருந்ததையும், அதன்மேல் இருந்த கையையும் பார்த்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தாள், ஓடவில்லை. கையை விரித்தான்.

“லோரிஸ், தம்பி, கேளு. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் ஒட்டுவாங்க. தாங்கும்னு நெனச்சேன்.”

லோரிஸ் பாய்ந்தான். அஃப்ரா குறுக்கே நின்று அவன் மார்பில் கையை ஊன்றினாள். “தொடாத. அடிச்சா அடிபட்டவனாயிடுவான். பாவம் பாக்க ஆள் வந்துடும்.” பிறகு வைனர் பக்கம் திரும்பினாள். “வண்டி ரெடி. எடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமை சதுக்கத்துக்கு வா. அங்க எல்லார் முன்னாலயும் உன் வாயால சொல்லு.”

முதல்முறையாக அவனை ‘நீ’ என்றாள். அவனும் கவனித்தான்.

“அஃப்ரா, யோசி. உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்கறேன். போர்டுல ரெண்டு பேர் பேரும் போடறேன். பெத்ரோனி, மொந்தோர்ஸி.”

“போர்டுல என் பேரை ஏற்கெனவே எழுதிட்ட. ஊர் பூரா படிச்சுது. இப்ப அழிக்கறதுதான் பாக்கி. நீ வரலன்னா உன் பட்டறை வாசல்ல இந்தக் குழாயோட நான் உக்காருவேன். தினமும்.”

ஞாயிற்றுக்கிழமை விஞோலா கோட்டைக்குக் கீழே சதுக்கம் நிறைந்திருந்தது. மெழுகு தேய்த்த கார்கள், பொரித்த மாவுப் பூரியும் பன்றி இறைச்சியும் விற்கும் கூடாரம், பத்து மணிக்கே திறந்துவிட்ட ஒயின் புட்டிகள். சாம்பல் பிரந்தோலி வரிசையின் நடுவில் நின்றது. பக்கத்தில் வைனர். அவளுக்குத் துணிச்சல் வராது என்று முடிவு கட்டிக்கொண்டவன் போல, அம்ஸ்லர் என்ற அந்தச் சுவிஸ்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். சுற்றிலும் மோதெனாப் பட்டறைக்காரர்கள். அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவர்கள்.

அஃப்ரா நேராக நடந்து போய்க் குழாயை வண்டியின் மூக்கின்மேல் வைத்தாள். வண்ணத்தில் கீறல் விழும் சத்தம் கேட்டது.

“சொல்லு,” என்றாள்.

வைனர் சிரித்தான். “இவங்க என்கிட்ட முன்னாடி வேலை பாத்தவங்க,” என்று சுவிஸ்காரரிடம் ஆரம்பித்தான்.

லோரிஸ் முன்னால் வந்தான். இடது கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலைத் தூக்கிக் காரின் முன்கம்பியில் வைத்தான். கொட்டிய மெழுகு போல இருந்தது அந்தத் தோல். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த காரைச் சுற்றி நின்றவர்களும் திரும்பினார்கள்.

வைனர் உதட்டை நனைத்துக்கொண்டான். எதையோ முணுமுணுத்தான்.

“கேக்கல,” என்றாள் அஃப்ரா.

“சிவப்பு வண்டியில குழாயை நான்தான் ஒட்டினேன்.”

“எனக்குக் கேட்டுடுச்சு. கூடாரத்துகிட்ட நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

“நான்தான் ஒட்டினேன்! தீ அதனாலதான் பிடிச்சுது!”

“கிளிப்?”

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது வெறுப்பா, கெஞ்சலா, அவளுக்கு அக்கறையில்லை.

“கிளிப்பை இவ முறுக்கியிருந்தா. எனக்குத் தெரியும்.”

மிர்க்கா, காபிக் கடைக்காரி, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அடப்பாவி மனுஷா,” என்றாள். அம்ஸ்லர் புரிந்தும் புரியாமலும் எல்லோரையும் பார்த்துவிட்டு, திக்கித் திக்கி அஃப்ராவிடம் கேட்டார். “இந்த வண்டி இப்ப சரியா இருக்கா? பயமில்லாம ஓட்டலாமா?”

பொய் சொல்ல அவளுக்கு ஒரு நல்ல சந்தர்ப்பம். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

“பெட்ரோல் குழாய் நான் போட்டது. அது ஒழுகாது,” என்றாள். “மிச்சமெல்லாம் அவர் போட்டது.”

சுவிஸ்காரர் வைனரின் கையைக் குலுக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மத்தியானம் அஃப்ரா வீட்டுக்குப் போய் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டாள். பிறகும் பசித்தது. அதற்கு முன், சதுக்கத்திலிருந்து லோரிஸ் கூடவே நடந்து வந்திருந்தான். வாசல்வரை வந்து, “அக்கா, உள்ள வரட்டுமா?” என்றான்.

“இன்னிக்கு வேணாம்.”

“நான் தெரியாமத்தானே…”

“அவன் பொய் சொன்னான், அது அவன் தொழில். நீ என் தம்பி. அவன் வாயைப் பாத்த, என் முகத்தைப் பாக்கல. அதுக்கு அவனை மாதிரி உன்னைச் சதுக்கத்துல நிறுத்த முடியாது. என்ன செய்யணும்னு எனக்கே தெரியல. போயிட்டு அப்புறம் வா.”

அவன் போனான். அவள் சன்னலிலிருந்து பார்த்தாள், நொண்டிக்கொண்டே போனான். கூப்பிடவில்லை.

வைனர் சாம்பல் வண்டியை எங்கோ தூரத்தில் ஒருவனிடம் தள்ளிவிட்டான் என்று கேள்வி. அடுத்த குளிர்காலத்துக்குள் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. மோதெனாக்காரர்கள் ஒவ்வொருவராக அஃப்ராவிடம் வண்டியைக் கொண்டுவந்தார்கள், அன்றைக்கே எங்களுக்குச் சந்தேகம் இருந்தது என்று சொல்லிக்கொண்டு. எல்லோருடைய வண்டியையும் பார்த்துக் கொடுத்தாள். ஆனால் டிராக்டர்கள் முடியும்வரை வெயிலில் காக்க வைத்துத்தான். நாற்காலி போடவில்லை.

லோரிஸ் ஒவ்வொரு ஞாயிறும் வந்து கதவைத் தட்டினான். இலையெல்லாம் உதிர்ந்து, மூடுபனி இறங்கி, எதிர்வீடு தெரியாமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போய்க் கதவைத் திறந்தாள். “காலைத் துடைச்சுட்டு வா,” என்றாள். அவன் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். சூப் ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடு பண்ணிக் கொடுத்தாள்.